ஒரு ஸ்டிக்கைக் கழற்றிய பிறகு

எல்லீஸ் ரோட்டில் கவுஸ் பாயின் அச்சகம்,
ஜெராக்ஸ் கடைக்கும் பிரியாணி அண்டாக்களுக்கும் நடுவே.
"விண்டோஸ் தொண்ணூத்தெட்டு போடணும், முடியுமா?"
போனில் கேட்டபோது சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

சி.டி. அவரிடம் இருந்தது.
உறைமேல் நீல மையில் இருபத்தைந்து எழுத்துச் சாவி.
ஆறாவது எழுத்து எட்டா, பி-யா?
எட்டு போட்டேன். ஏற்கவில்லை.
பி.

பிளாஸ்டிக் நாற்காலியில் பிரேமகுமாரி என்று ஒருவர்,
வியாசர்பாடியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தவர்,
மடியில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை.
அவருடைய கல்யாணப் பத்திரிகை
இந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கிறது.
வீட்டில் மிஞ்சியிருந்த ஒன்றும் வெள்ளத்தில் போய்விட்டது.

புது மெஷினில் திறந்து பார்த்தாராம் பாய்:
மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில்
ஒரு அரைப்புள்ளி, ஒரு டாலர் குறி, தலைகீழ்க் கேள்விக்குறி.
பெண் பெயர் முழுக்கக் கட்டம் கட்டமாக.
முகூர்த்த நேரம் மட்டும் புரிந்தது.
எண்கள் எப்படியோ தப்பித்துவிடுகின்றன.

அந்த எழுத்துருவைச் செய்த கம்பெனி கோடம்பாக்கத்தில் இருந்தது.
இப்போது அங்கே பல் ஆஸ்பத்திரி.
எழுத்துருவுக்கு ஒரு பூட்டு உண்டு, தீப்பெட்டி அளவில்;
பிரிண்டர் ஓட்டையில் செருக வேண்டும்,
செருகாவிட்டால் தமிழ் வராது.
அந்த ஓட்டை வைத்த போர்டுக்காக
ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கினேன்.
மூன்றாம் கடைக்காரன்
எழும்பூர் மியூசியத்துக்குப் போகச் சொன்னான்.

பாதியில் நின்றது.
நினைவகம் போதவில்லை என்றது திரை.
உள்ளே ஒரு ஜி.பி. இருந்தது, இரண்டு ஸ்டிக்காக.
இதன் கணக்கு அப்படி:
ஓரளவுக்கு மேல் நினைவைக் கொடுத்தால்
எண்ணத் தெரியாமல்
இல்லவே இல்லை என்று சாதிக்கும்.
மூடியைத் திறந்து ஒன்றைக் கழற்றினேன்.

"என்னத்த எடுத்தீங்க?"
"ஞாபகத்துல பாதி."
"அது அவ்ளோ சுலபமா வருதா?"
"ஸ்க்ரூகூட இல்லைங்க. கிளிப்தான்."

பட்டை மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தபோது சொன்னார்,
என்னிடம் அல்ல, மேலே சுற்றும் ஃபேனிடம்:
டிப்போவில் பென்ஷன் கேட்டு
திருவொற்றியூரிலிருந்து இன்னொருத்தியும் மனு போட்டிருக்கிறாள்.
அவளிடம் ஆல்பமே இருக்கிறதாம்.

கவுஸ் பாய் மை துடைக்கும் துணியை
மடித்தார், பிரித்தார், மடித்தார்.
பிறகு தொழுகைக்குக் கிளம்பினார்.

அஸர் முடித்து அவர் படியேறும்போது
திரை எழுந்திருந்தது, பாசிப் பச்சையில்,
பதினாறே நிறத்தில், ஓரமெல்லாம் பல்பல்லாக.
பூட்டைச் செருகினேன். கோப்பைத் திறந்தேன்.
கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுந்து போய்
எழுத்துகள் வந்து உட்கார்ந்தன.
மேலே பிள்ளையார்.
கீழே, நிகழும் பிரமாதி ஆண்டு ஆவணித் திங்கள்,
திருவளர்செல்வன் தனசேகருக்கும்
திருவளர்செல்வி பிரேமகுமாரிக்கும்.
பெண்ணின் தகப்பனார் வெள்ளையன்
வெல்லையனாக இருந்தார்.

"அப்பவே சொன்னேன் பாய், நீங்க மாத்தவே இல்ல."
"அதாம்மா ஒரிஜினலுக்கு அடையாளம்."

அப்புறம்தான் மூலையில் இருந்த கடிகாரத்தைக் கவனித்தேன்.
போர்டில் பேட்டரி செத்து எத்தனை வருஷமோ.
ஜனவரி ஒன்று, தொண்ணூற்றொன்பது.
மெஷினைப் பொறுத்தவரை
கல்யாணத்துக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கிறது.

மாற்றப் போனேன்.
"இருக்கட்டும் தம்பி," என்றார்,
"பிரிண்ட் எடுத்தப்புறம் மாத்திக்கலாம்."

பிரிண்டரோ தனக்கென்று ஒரு டிரைவர் கேட்டது.
அந்த சி.டி.யைத் தேடிப் பாய்
ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினார்.
தும்மல் சத்தம் மட்டும் வந்தது.
கழற்றிய ஸ்டிக் கட்டைப்பைக்குப் பக்கத்தில் கிடக்க
நாங்கள் இரண்டு பேரும்
ஆவணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம்.