கடைசியாகத் திருத்தப்பட்டது

கொழும்பில் ஏழு வருடம்
யார் யாருடையதோ மின்னஞ்சல்களைப் படித்தேன்.
டெக்சாஸில் ஒரு குழாய்க் கம்பெனி, அதன் கணக்காளர்,
கணக்காளரின் முதுகுவலி, மகளின் பிறந்தநாள் கேக்.
பொருந்தும். பொருந்தாது. சிறப்புரிமை.
மூன்று பொத்தான், ராத்திரிக்கு எண்ணூறு கடிதம்.
சட்டக் கல்லூரி சொல்லித்தராத ஒரு சட்டத்தை
விரல்கள் மட்டும் படித்துத் தேறின.

இப்போது ஹட்டன்.
மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை.
மேசையில் வன்தட்டு:
நீதிமன்றம் கட்டளையிட்டும் மூன்று மாதம் இழுத்து
தோட்டக் கம்பெனி அனுப்பியது, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து.
கொழுந்து மடுவத்து டிஜிட்டல் தராசு
ஆறு வருடமாக நிறுத்ததெல்லாம் இதில்.

பதினெட்டு கிலோ என்றால் முழுப்பேர்.
பதினேழரை என்றால் அரைப்பேர்.
நூற்றிப் பதினோரு பெண்களின் கணக்கில்
பதினேழரைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன.
எந்த மலையிலும் இத்தனை பதினேழரை விளையாது.

கோப்பு சொல்வது ஒன்று,
கோப்பைப் பற்றிக் கோப்பு சொல்வது வேறு.
உருவாக்கியது: மாலை நான்கு பத்து.
கடைசியாகத் திருத்தியது: இரவு ஒன்பது ஐம்பத்திரண்டு.
இருட்டில் யார் கொழுந்து நிறுத்தார்கள்?

சந்தோஷத்தில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டேன்.
அது ஆறுவதற்குள்
திருத்தியவர் பெயர் இருக்கும் கட்டத்தையும் திறந்தேன்.

நிரோசன்.
முதலாம் வழக்காளி ராக்காயியின் இளைய மகன்.

மறைக்க வழியில்லை, மறைக்கவும் மாட்டேன்.
நாங்களே கேட்டு வாங்கியது.
எதிராளியின் சட்டத்தரணி விசாரணையின் முதல் நாளே
இதைத்தான் உரக்க வாசிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ராக்காயி வந்தார்.
ஈரக்குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கடைசிவரை கையிலேயே பிடித்திருந்தார்.
அட்டை கடித்த காலிலிருந்து தரையில் இரண்டு சொட்டு.
நான் சொல்லத் தொடங்கியதும் அவரே முடித்தார்:
"தெரியுங்க. அவன் கைதான்.
அந்த நாள்ல எல்லாம் ராத்திரி சோறு திங்க மாட்டான்.
செய்யச் சொன்ன வாயும் அந்தப் பொட்டியில இருக்குதான்னு
பாருங்க."

பார்க்கிறேன்.
மடுவத்து போனின் நகலும் அதே தட்டில்தான்.
பதினாலாயிரம் செய்தி.
சரி சேர். ஓகே சேர். முடிச்சிட்டேன் சேர்.
பதில்கள் மட்டும் இருக்கின்றன.
கேட்டவை எல்லாம் அழைப்புகள்:
பதினொரு வினாடி, ஒன்பது வினாடி, ஒருநாள் நான்கே வினாடி.
நான்கு வினாடியில் என்ன சொல்லிவிட முடியும்?
வழக்கமானதை.

இதற்கு எந்தப் பொத்தானும் இல்லை.
ஒரு தாளை நடுவில் மடித்து
இடப்பக்கம் அழைத்த நேரமும்
வலப்பக்கம் திருத்திய நேரமும் எழுதுகிறேன்.
சிங்கமலைப் பக்கம் இடி; கரண்ட் போகிறது,
யூபிஎஸ் கத்தத் தொடங்குகிறது.
திரை அணைய ஆறு நிமிடம் இருக்கும்.

ஒன்பது நாற்பத்தொன்பது. ஒன்பது ஐம்பத்திரண்டு.
மறுநாள்,
பத்து பூச்சியம் ஐந்து. பத்து பூச்சியம் எட்டு.
அதற்கு மறுநாள்