இரண்டு பேணிகள்

என் முன்னால் இரண்டு மருந்து இருக்கிறது.

ஒன்று
நெடுங்கேணிச் சந்தியில் வளையல் விற்கிற தாமோதரி
பெட்டியின் அடித்தட்டில் வைத்து விற்பது.
கரி கூடின சாமான். விரலில் ஒட்டும்.
கணக்குக் கொப்பித் தாளில் சுற்றித் தருவாள்,
சிவப்புப் பேனையால் பிழை போட்ட பக்கம்.
கார்த்திகை மார்கழியில் அதை நம்பேலாது.
சீறும், புகையும், தும்பைத் துப்பும்.
போன கிழமை
பண்டி தலையைத் தூக்கி
என்னை ஒருக்கால் பார்த்துவிட்டுப்
பிறகும் தின்றது.

மற்றது
நிதர்சன் பின்னேரம் பால்பேணியில் கொண்டு வந்தது.
மக்ரோனி மாதிரிக் குச்சி குச்சியாய்,
நடுவில் துளை, மெழுகு வழுக்கு.
மணந்து பார்த்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை அது.
"இதைப் போடுங்கோ அக்கா.
பண்டி என்ன, அலியனே
முத்தையன்கட்டுக்கு அங்கால போய்த்தான் நிக்கும்."
எங்கே எடுத்தாய் என்றேன்.
காலால் மண்ணைக் கீறினான்.
"உங்கட வயலின்ர மேற்கு மூலை.
பாலையடியில. இன்னும் கிடக்கு."

லாம்பைப் பரணின் மறுகரைக்குத் தள்ளி வைத்தேன்.

என்ர இடியன்ர குழாய்
முன்னம் ஒரு உழவு மெசினின் ஸ்ரேறிங் தடி.
இடமும் வலமும் திரும்பிப் பழகின இரும்பு.
சித்தாலேப மூடியால் அளந்து போட்டால்
பொறுத்துக்கொள்ளும்.
வலுத்த மருந்து
முன்னால மட்டும் போகும் என்று யார் சொன்னது?
அது கன்னத்தையும் கேட்கும்.

சரி, குழாய் தாங்குமென்றே வை.

இந்தக் குச்சிகளை
எங்கேயோ ஒரு வெளிச்சமான அறையில்
கையுறை போட்ட ஒருத்தர்
தராசில் நிறுத்திருப்பார்.
இவ்வளவு போட்டால் இத்தனை மைல்.
நான் இவ்வளவு காலமும் நினைத்தது
எங்கட காணிக்கு வந்து விழுந்தது மட்டும்தான் என்று.
இது விழுந்ததல்ல.
இங்கிருந்து புறப்பட இருந்தது.
என் நெல்லுக்குள் நின்றுகொண்டு
ஆரோ ஒருத்தியின் அடுப்படியைக்
குறி பார்த்திருக்கிறார்கள்.
போகாமல் நின்ற மிச்சம்
இப்போது என் பால்பேணியில்.

கந்தோரில் சொல்லலாம்.
சொன்னால் நாளைக்கே வருவார்கள்,
மண்டையோடு கீறின சிவப்புப் பலகையோடு.
மூலைக்கு மட்டும் நடமாட்டார்கள்.
இரண்டு ஏக்கர் கீரிச்சம்பா,
இப்போதுதான் பால் பிடிக்குது.
மெசின் கூலி கடன். பசளை கடன்.
சொல்லாவிட்டால்
நிதர்சன் இன்னொரு பேணியோடு போவான்.
கெட்டிக்காரன். கைவிரல் பத்தும் இருக்கிறது.

பேணியை மூடிக்
கொட்டிலுக்கு வெளியே, தூர வைத்தேன்.
தாமோதரியின் மருந்தைப் போட்டேன்,
பகல் முழுக்க வெயிலில் உலர்ந்தது.
தும்பு முடிந்துபோச்சு.
கணக்குத் தாளையே கசக்கி இடித்தேன்.

இரண்டு மணி இருக்கும்.
வரம்பில் மூச்சுச் சத்தம்.
நெல்லைத் தின்னவில்லை.
மேற்கே, பாலையடியில்,
மூஞ்சையால் மண்ணைக் கிண்டுகிற சத்தம்.

எனக்கு உடம்பு விறைத்தது.
வேர் தேடுகிறாய், சீவனே,
அங்கே வேர் மட்டும் இல்லை.

வானத்தைப் பார்த்து வெடித்தேன்.
இந்த முறை பிடித்தது. நல்லாய்ப் பிடித்தது.
கணக்குத் தாள் பொறி பொறியாய்
தண்ணீரில் விழுந்து அணைந்தது.
பண்டி ஓடியது.
எந்தப் பக்கம் என்று
எண்ணிக்கொண்டே கேட்டேன்,
ஐம்பது மட்டும் எண்ணினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.

விடிய,
சிவப்புச் சீலை ஒன்றைக் கிழித்து
மூலையைச் சுற்றிக் கட்டினேன்.
அறுவடை முடியட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.
சீலை காற்றில் ஆடியது.
பண்டிக்குச் சிவப்பு விளங்குமோ தெரியாது.

கலண்டரின் பின்பக்கம் அவர்களின் நம்பர் இருக்கிறது.
ஆறு இலக்கம் அழுத்தினேன்.
நெல் மணத்தது.
மிச்சம் நாலு.