நானூற்றுப் பன்னிரண்டு

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்.
கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது.
கட்டிப்போட்ட கப்பலில் நின்றாலே குமட்டும்.
ஆனாலும் செவ்வாய்தோறும்
குளோஸ்டர் துறைமுகத்தில்
'அடேலா ஹாஸ்கல்' வயிற்றுக்குள்தான் வகுப்பு.

ஒருகாலத்தில் காட் மீனும் பனிக்கட்டியும்
மாறி மாறி அடுக்கிய அறை.
இப்போது பதினேழு பிள்ளைகள், ஒரு கரும்பலகை.
எத்தனை கழுவியும் போகாத கவிச்சி
மழைநாளில் சுவரைவிட்டு இறங்கி வந்து
முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

மரக்கப்பல் என்றால் ஒழுகும்.
அதனால் பம்ப்தான் முதல் பாடம்.
ஆளுக்கு ஐம்பது அடி, உரக்க எண்ணி,
காற்றைக் குடித்து அது செருமும்வரை.
மொத்தத்தை ஏட்டில் எழுத வேண்டும்.
முந்நூற்று இருபது. முந்நூற்று ஐந்து.
"இது கணக்கில்லை, கூலிவேலை" என்றான் ஆன்செல் டார்.
கொப்புளத்தை ஊதிக்கொண்டே
நாளொன்றுக்கு எத்தனை காலன் என்று போட்டான்.
சரியாகத்தான் இருந்தது.

குளிர்காலம் முழுக்கக் கரையில் கிடந்தது கப்பல்.
பதினொரு பலகை புதிது.
இடுக்கெல்லாம் சணலும் தாரும் திணித்து
ஏப்ரலில், நன்கொடையாளர்கள் கைதட்ட,
நீரில் இறக்கினார்கள்.

அன்று ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடி.

நான்தான் ஓட்டை போட்டதுபோல்
பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.
கப்பல் தச்சர் டெல்ஃபினா
சாண்ட்விச்சைக் கடித்தபடி சொன்னாள்:
"காய்ந்த மரம். தாகம். குடிக்கட்டும்."

அந்த வாரம் தினமும் வந்தோம்.
ஆயிரத்து நூறு. அறுநூற்று நாற்பது. நானூறு.
பலகைகள் ஊறி, உப்பி, தோளோடு தோள் நெருக்கித்
தம்மைத் தாமே அடைத்துக்கொண்டதை
வரைபடத்தாளில் வளைகோடாக இழுத்தோம்.
இறங்கும், இறங்கும்,
அடிக்கோட்டை மட்டும் தொடாது.

லுடோவினா அதற்குள்
பழைய ஏட்டின் நகலைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
1931, மே மாதம். யாரோ ஒரு சமையல்காரனின் கிறுக்கல்.
வலப்பக்கம் எங்களுடையதைப் போலவே
எண்களுக்கென்று ஒரு கட்டம்.

"மூடுபனி. டோரிகள் ஆறு போயின. ஐந்து வந்தன.
இருட்டும்வரை மணியடித்தோம்.
பிறகும் அடித்தோம்.
பம்ப்: 412."

வாய்விட்டுப் படித்தவள் நிமிர்ந்தாள்.
"அன்றைக்கு யார் நின்று எண்ணினார்கள்?"

சாக்பீஸ் என் கையில் வியர்த்தது.
குமட்டல்கூட இல்லை அப்போது.
மணியை ஒருவன் இழுத்திருப்பான்.
ஒருவன் மேல்தளத்தில்
வெள்ளையாய் ஒன்றுமில்லாததைப் பார்த்தபடி
கைப்பிடியை அமுக்கியிருப்பான்,
நூற்றுப் பத்து, நூற்றுப் பதினொன்று என்று.
காணாமல் போன இருவருக்காக
தண்ணீர் காத்திருக்குமா என்ன?

ஆன்செல் எழுந்து ஏணியில் ஏறினான்.
நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
தலைக்கு மேல் கைப்பிடி கிறீச்சிட்டது.

இருநூற்று எண்பதில்
பம்ப் செருமியது. நீர் தீர்ந்துவிட்டது.
அவன் நிறுத்தவில்லை.

கீழே நாங்கள்
எண்ணிக்கொண்டிருந்தோம்.