தெமோதரையில் பூச்சியத்தைச் சுற்றுதல்

டிக்கட் கவுண்டர் இழுப்பறையில்
சில்லறைக்குக் கீழே என் ஆய்வேடு.
மூன்றாம் அத்தியாயம் நான்கு மாதமாக
சிக்னல் விழாமல் நிற்கிறது.

இரவு மெயில் பிந்துகிறதாம்.
திலகசிறி தேத்தண்ணியோடு வந்து கேட்கிறான்:
"என்ன மிஸ், இன்னும் அந்த எண்ணைத்தான் தேடுறீங்களா?"

தேடவில்லை. இருக்கும் இடம் தெரியும்.
அடுக்குக்குறிச் சார்பு
தளம் முழுக்க ஓடும், எங்கும் உடையாது,
ஒவ்வோர் எண்ணையும் எண்ணற்ற தரம் தொடும்,
பூச்சியத்தைத் தவிர.
இடப்பக்கமாகப் போகப் போக
பூச்சியம் கிட்ட வரும்.
வந்துகொண்டே இருக்கும்.
போய்ச் சேர்ந்ததாகப் பதிவில்லை.

"அப்ப அது வண்டி நிக்காத ஸ்டேஷன்."

ஸ்டேஷனே இல்லை, திலகசிறி.
ஆனாலும் தண்டவாளத்தை வளைப்பது அதுதான்.
திரும்பும் பாதைக்கு மடக்கை என்று பேர்.
அதைப் பிடித்துக்கொண்டு
பூச்சியத்தை ஒருதரம் சுற்றி வா:
புறப்பட்ட புள்ளிக்கே வருவாய்,
வேறு மாடியில்.

அவன் சிரித்துவிட்டு
செருப்புக் காலால் தரையைத் தட்டுகிறான்.
ஓம், இதே இடந்தான்.
இங்கிருந்து பதுளைக்குக் கிளம்பும் வண்டி
குன்றை வளைந்திறங்கி
எங்கள் காலடிச் சுரங்கத்துக்குள் நுழையும்.
வரைபடத்தில் ஒரு புள்ளி.
மேசையில் இரண்டு கோப்பைகள் நடுங்கும்.
ரயில் ஒரு சுற்றோடு விட்டுவிடும்;
மடக்கைக்கு மாடிகள் தீராது.

சைன் அப்படியில்லை.
அதன் தனிப்பெறுமானங்கள் ஒன்றும் மறை ஒன்றும்.
அங்கே கிளைகள் இரண்டிரண்டாய்க் கைகோத்து நிற்கும்,
இருமுறை சுற்றினால் வீடு.

"தொட்டுட்டா பிரச்சினை முடிஞ்சுதானே?"

அங்குதான் நான் மாட்டிக்கிடக்கிறேன்.
சைனை அதன் மாறியாலேயே வகுத்துப் பார்:
பூச்சியத்தை மிதிக்கும், தாண்டும், மறுபடி மிதிக்கும்,
ஒவ்வொரு முறையும் அலை கொஞ்சம் சிறுக்கும்.
லயத்துக்குக் காணி உறுதி தருவோம் என்று
தேர்தலுக்குத் தேர்தல் வருகிற பேச்சைப் போல.
எத்தனை தரம் தொட்டாலும்
முடிவிலியில் அது அணுகு பெறுமானந்தான்.
தொடுவது வேறு, சேர்வது வேறு.

கம்பஸ் கடிதம் வந்த வருடம்
உறையில் எழுதியிருந்தது:
செ. புனிதமலர், மே/பா தோட்டத்துரை.
எங்கள் கதவுக்கு இலக்கம் கிடையாது.
கொழும்பிலிருந்து தபாற்கந்தோர் இரண்டு நாள்,
தோட்டக் கந்தோர் மேசையில் ஒன்பது,
கணக்கப்பிள்ளையின் சட்டைப்பையில் ஐந்து.
பிரித்தபோது
பதிவுக்கான கடைசித் திகதி
ஆறு நாள் பழசு.
கடிதம் தொட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

திலகசிறி ஒன்றும் சொல்லவில்லை.
டேப்லட் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு
மழைக்குள் இறங்கினான்.

மெயில் வந்தது.
கோவா மூட்டையோடு ஒருவன் இறங்கினான்,
பதுளைக்கு ஒரு டிக்கட் விற்றேன்.
பச்சை விளக்கு அசைந்தது.
சில நிமிடம் கழித்துக்
கோப்பைகள் நடுங்கின.

விடியுமுன் ஒரு வரி எழுதினேன்.
வெளிச்சத்தில் பார்த்தபோது
குறி பிழைத்திருந்தது.
வெட்டினேன்.