ஐந்தாவது மனுதாரர்

தீர்ப்பின் பதினேழாம் பத்தியில் இருக்கிறேன்.
"ஐந்தாவது மனுதாரர் வழக்கின் இடையில் விலகிக்கொண்டார்."
பெயர்கூட இல்லை.
அடுத்த வரியில் வேறு விஷயம்.

கிசுமுவில் அன்று மழை.
ஏரியை ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது,
படகுகள் புல்வெளியில் நிறுத்திய வண்டிகளாகத் தெரிந்தன.
நீதிமன்றத்தில் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால்,
மருத்துவமனை அடையாள அட்டையைச்
சட்டைப் பைக்குள் திருப்பிப் போட்டு
உட்கார்ந்திருந்தேன்.

கடிதம் எழுதியவள் அவிதி ஓல்வெனி.
மயக்க மருந்து நிபுணர், எனக்கு மூத்தவள்.
வாக்கியத்தையும் மருந்து மாதிரிதான் அளப்பாள்,
எடைக்குத் தக்கபடி, ஒரு சொட்டு கூடாமல்.
"ஆக்சிஜன் ஆலை பதினொரு நாளாக ஓடவில்லை.
சிலிண்டர்கள் ஆறு.
இரண்டில் அளவுமானி பொய் சொல்கிறது.
சரியாகும்வரை, காத்திருக்கக்கூடிய அறுவைகளைச் செய்யமாட்டோம்."
கீழே ஐந்து கையெழுத்து.
எல்லாவற்றிலும் பெரியது என்னுடையது,
வால் நீட்டிச் சுழித்திருந்தேன்.

நான்காம் நாள் காலை ஐந்து உறைகள்.
பணிக்கு வராததால் நீக்கமாம்.
வராததால்!
முந்தைய இரவு முழுக்கப் பை அழுத்தி அழுத்தி
ஒரு சிசுவுக்கு மூச்சு கொடுத்த என் விரல்கள்
உறையைக் கிழிக்க முடியாமல் தடுமாறின.
வருகைப் பதிவேட்டில் அந்த வாரம் மட்டும்
காணாமல் போயிருந்தது.

அந்த ஊரில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம்.
வழக்கு ஐந்தைத் தின்றது.
வக்கீலுக்குக் கொடுக்க
கிப்தூ ஒரு பசுவை விற்றான், பிறகு கன்றையும்.
எலும்பு மருத்துவர் ஒடேரா கோழி வளர்த்தார்.
நஃபூலா மருந்துக்கடையில் நின்று
இருமல் மருந்துக்குச் சில்லறை எண்ணினாள்.

எனக்கு மட்டும் ஒரு தொலைபேசி வந்தது.
"ஒரு தாள், ஒரு வரி. திங்கட்கிழமை வந்துவிடலாம்."
பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று
எல்லோரிடமும் சொன்னேன்.
அறுவை அரங்கின் வாடை இல்லாமல்
தூக்கம் வரவில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.
இரண்டும் பொய்யில்லை.
ஆனால் பயத்துக்கு இத்தனை சட்டைகள் தேவைப்பட்டன.

திங்கட்கிழமை எனக்குக் கிடைத்தது அவிதியின் அறை.
கதவில் பெயர்ப்பலகை ஒட்டியிருந்த பசை
இன்னும் விரலில் பிசுபிசுத்தது.

குறுக்கு விசாரணையில் அரசு வக்கீல் கேட்டாராம்:
"பதிவேட்டில் பத்து சிலிண்டர் என்று இருக்கிறதே?"
"பதிவேட்டைக் குழந்தையின் வாயில் வைக்க முடியாது, ஐயா."
சிரிப்பில் சுருக்கெழுத்தாளர் ஒரு வரியைத் தவறவிட்டார்.
நான் அங்கே இல்லை.
நஃபூலா சொன்னது வேறு யாரிடமோ,
அது என்னிடம் வந்து சேர்ந்தது.

நீதிபதி நிதானமாகப் படித்தார்.
நீக்கம் முறையற்றது.
நால்வருக்கும் பன்னிரண்டு மாதச் சம்பளம்.
மீண்டும் வேலை தரக் கேட்ட கோரிக்கை மட்டும் தள்ளுபடி,
அந்த இடங்கள் நிரப்பப்பட்டுவிட்டன.
தூண் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கலாம்.

வெளியே கூரைக்கடியில்
தீர்ப்பு நகலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டிருந்தாள் அவிதி.
என்னைப் பார்த்துவிட்டாள்.
திட்டுவாள் என்று நின்றேன்.
திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நின்றேன்.

"மூன்றாம் நம்பர் சிலிண்டரை மாற்றினார்களா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"முள்ளைப் பார்க்காதே. தட்டிப் பார்."

மோட்டார் சைக்கிள் டாக்சியின் பின்னால் ஏறி,
பையை மடியில் அணைத்தபடி
மழைக்குள் போய்விட்டாள்.

இன்றிரவு எனக்குப் பணி.
முள் பச்சையில் நிற்கிறது, நிறைவாக.
சாவிக்கொத்தால் தட்டினேன்.
காலி இரும்பு
மணி மாதிரி நீளமாக ஒலித்து அடங்கியது.
இன்னொருமுறை தட்டினேன்.

மேசை இழுப்பறையில் வெள்ளைத்தாள் இருக்கிறது.
பேனா பையில் இருக்கிறது, அட்டைக்குப் பக்கத்தில்.
காலை ஏழு மணிக்கு முதல் அறுவை.
மணி இப்போது நாலேகால்.