மாடியிலிருந்து விழுந்தவை

திங்கட்கிழமை என்றால்
வேப்பேரி ஆஸ்பத்திரிக்கு ஒன்று வந்துவிடும்.
நீள மூக்கு, ஒட்டிய வயிறு,
பின்னங்கால் மட்டும் வேறு யாருடையதோ போல் தொங்கும்.

"மாடியிலேர்ந்து விழுந்துட்ச்சு சார்."

கேளம்பாக்கத்தில் அத்தனை மாடிகளா?
நகங்களுக்கிடையில் செம்மண்.
தொடையில் ஊசி ஏறிய புள்ளிகள்.
கட்டுப் போடுகிறவன் நான், கேட்பது என் வேலையில்லை என்று
பதினோரு வருஷம் எழுதினேன்:
மாடி. மாடி. மாடி.

சுலைகா டாக்டர் வந்த பிறகுதான்
பதிவேட்டில் ஒரு கட்டம் கூடியது,
ஸ்கேல் வைத்து, பச்சை மையில்:
இதற்கு முன் விழுந்த நாய் எங்கே?

முதல் ஆள் பேனாவை வாங்கி
மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றினார்.
அடுத்தவர் போன் வந்ததாக வெளியே போனார்;
போனவர் போனவர்தான்.
அவர் விட்டுப்போன புல்லட்
சுற்றுச்சுவரோரம்
மூன்று காலில் நின்று மூத்திரம் பெய்யப் பழகுகிறது.

பந்தயம் நின்றதா என்றால், இல்லை.
விடியுமுன் ஈ.சி.ஆரில் பைக்குகள் போகின்றன.
போன வாரம் ஒருவர் மட்டும்
கட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்:
"மூணு போயிருக்கு. பேரும் எழுதணுமா?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
கட்டம் போதாது.
நான் வேறு தாள் எடுக்கப் போனேன்.