மீனுக்கு ஒரு கிரில்

பழசு விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை,
பாறைத் துண்டைத் திருப்பிப் போடும்போது.
இடது காலைத் துரு தின்று ரொம்ப நாளாச்சு;
செங்கல் முட்டுக் கொடுத்திருந்தேன்.
செங்கல் நின்றது. கால் போனது.
மசாலா பூசிய மீன் வாளித் தண்ணிக்குள்.
ஜெசிந்தா சிரிக்கவில்லை.
சிலிண்டரை மூடிவிட்டுச் சொன்னாள்:
"இன்னொரு வாட்டி வெல்டிங் வெக்கிறேன்னு வந்து நிக்காத."

துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக் நான்.
நாற்பது டன் தூக்கும் கைக்கு
என் கைதான் கிரீஸ் போடும்.
வீட்டில், மூணு பர்னர் அடுப்பொன்றை
காசிமேட்டு உப்புக் காத்திடமிருந்து
ஆறு வருஷத்துக்கு மேல் காப்பாற்றத் தெரியவில்லை.

பின்கட்டு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
ஒரு பக்கம் தொட்டி மூடி, ஒரு பக்கம் மோட்டார்,
தலைக்கு மேலே
அடுத்த வீட்டுக் கொடியில் பள்ளிச் சீருடை.
புகை எந்தத் திசையில் போனாலும்
யாராவது ஒருவர் ஜன்னலைச் சாத்துவார்கள்.
டேப் பிடித்து அளந்தேன்: மூன்றேகால் அடி.

தங்கசாலையில் முதல் கடை.
"கிரில் வேணும்."
"ஜன்னலுக்கா, கேட்டுக்கா?"
"மீனுக்கு."
கடைக்காரர் ஜெசிந்தாவைப் பார்த்தார்,
இது உண்மையா என்று கேட்பதுபோல.

இரண்டாவது கடையில் மினுமினுப்பு.
"முந்நூத்தி நாலு ஸ்டீல் சார்,
கடலுக்குள்ள போட்டாலும் துரு புடிக்காது."
ஜெசிந்தா கைப்பையைத் திறந்தாள்.
எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் நிற்கும்
வேளாங்கண்ணி மாதாவை எடுத்து,
பின்னாலிருக்கும் காந்தத்தை மூடிமேல் வைத்தாள்.
டக்.
"மாதா ஒட்டிக்கிட்டாங்க. வேணாம்."

மூன்றாவது கடையிலும் ஒட்டிக்கொண்டாள்.
நான்காவதில்
மூடியின் வளைவில் சறுக்கி
சேலை மடிப்பில் விழுந்தாள்.
விலை பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
மாதா சொல்லும்போது பேரம் பேசுவது கஷ்டம்.
ஆனாலும் ஜெசிந்தா பேசினாள்.

"ரெண்டு பர்னர் எடுத்துக்கலாம்," என்றேன்.
கிளாட்வின் பஹ்ரைனில். மிச்சம் நாங்கள் இரண்டு பேர்.
அவள் பதில் சொல்லாமல்
கட்டைவிரலால் விரல்களைத் தொட்டு எண்ணினாள்.
நாலாவது விரல் யாரென்று எனக்குத் தெரியும்.
படகுப் பங்கில் சண்டை போட்டு
எட்டு மாசமாய் வாசப்படி மிதிக்காத என் தம்பி,
அந்தச் சவேரியான்.
அஞ்சாவது அவன் பெண்டாட்டி.
"மூணு பர்னர்," என்றாள்.
"இடம் பத்தாதுடி."
"மோட்டாரை நகத்து. மெக்கானிக்தானே நீ."

மோட்டாரை நகர்த்தினேன்.
பைப் உடைந்து அரை நாள் தண்ணி இல்லை.
அவளிடம் வாங்கிய வசவு இந்தக் கணக்கில் சேராது.

புதுசு நன்றாகத்தான் எரிகிறது.
முதல் ஞாயிறு ரெண்டு சங்கரா;
மூணாவது பர்னருக்கு வேலையில்லை.
அவள் அதையும் பற்றவைத்து
நீலமாய் வருகிறதா என்று குனிந்து பார்த்தாள்,
அணைத்தாள்.
அடுத்த ஞாயிறும்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
ஒருமுறை மட்டும்
போனை எடுத்து சவேரியான் பெயர்வரை போய்,
மீன் கருகுகிறது என்று திரும்பிவிட்டேன்.

பழையது கேட் ஓரம் கிடந்தது.
புது மூடியில் நிற்காத மாதாவை
ஜெசிந்தா அதன்மேல் மறந்துவிட்டிருந்தாள்.
காயலான் கடைக்காரர் தராசு மாட்டிவிட்டுக் கேட்டார்:
"இந்தம்மாவும் எடையில சேத்தியா?"